ராஜீவ் நகருக்கு இன்னொரு குழு எதற்கு?

கிரேட் நிக்கோபார் தீவில் ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் வாழும் நிக்கோபாரி மக்களின் வீட்டுத் தேவையை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எத்தனை கூரை ஒழுகுகிறது, எத்தனை வீட்டில் கல்யாணமான பிள்ளைகளுக்கு அறை இல்லை, சாக்கடை எங்கே அடைத்திருக்கிறது என்றெல்லாம் கணக்கெடுத்து, ஆறு மாதத்தில் அறிக்கை வாங்கி, வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டால் போதுமாம். பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்கிற பேச்சு தானாக அடங்கிவிடுமாம்.

கட்டுரையாளர் தீவு நிர்வாகத்தை நெருங்கி அறிந்தவர். விவரம் தெரியாமல் எழுதினார் என்று அவரை விட்டுவிட முடியாது. அந்த மக்கள் இருபது ஆண்டுகளாகக் கேட்பது என்ன என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கோரிக்கையை ஒரு வரியில் கடந்துவிட்டு, அவர்கள் கேட்காத ஒன்றுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் அது இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்பு இந்த மக்கள் தீவின் தெற்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் இருந்தார்கள். சிங்கென், இன் ஹேங் லோய், கொக்கியோன், புலோ பஹா ஆகியவை அவர்களுடைய ஊர்கள். தென்னந்தோப்பும் தாழையும் பன்றியும் மீனும் அவர்களுடைய பிழைப்பு. நிலநடுக்கத்தின் மையம் இந்தியாவிலேயே இந்தத் தீவுக்குத்தான் மிக அருகில் இருந்தது. அலை ஊர்களை வழித்துக்கொண்டு போனது. தப்பியவர்களை நிர்வாகம் கிழக்குக் கரையில் கேம்ப்பெல் பே பக்கம் கொண்டுவந்தது. முதலில் தகரக் கொட்டகை. வெயிலில் உள்ளே உட்கார முடியாத, மழையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத கொட்டகைகள். சில ஆண்டுகள் கழித்து நிரந்தர வீடுகள் வந்தன. அலை வடிந்து நிலைமை சரியானதும் ஊர் திரும்பலாம் என்று நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். திரும்ப அனுப்புங்கள் என்று அன்றிலிருந்து இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, இவர்களுடைய வீட்டுத் தேவை என்ன என்று புதிதாகக் கண்டுபிடிக்க எந்தக் குழுவும் தேவையில்லை. அவர்களே சொல்லிவிட்டார்கள். வாயால் சொன்னார்கள், மனுவாகவும் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் தன் தேவையைத் தெளிவாகச் சொன்ன பிறகும், உன் தேவையை ஆராய ஆள் அனுப்புகிறேன் என்று சொல்வது அவர் சொன்னதைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

வீடு என்பதைக் கட்டுரையாளர் எதைக் கொண்டு அளக்கிறார் என்று பாருங்கள். சுவர், கூரை, அறை, கழிப்பறை, மின்சாரம். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இதே தீவில், இதே அரசு, வேறொரு கூட்டத்தைக் குடியேற்றியபோது வீட்டை எப்படி அளந்தது? 1969 முதல் 1980 வரை முன்னாள் படைவீரர் குடும்பங்கள் முந்நூறுக்கும் மேல் கிரேட் நிக்கோபாரில் குடியேற்றப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம் எனப் பல மாநிலத்தவர், நம் தமிழ்நாட்டுக்காரர்களும் அவர்களில் உண்டு. குடும்பத்துக்கு 11 ஏக்கர் கொடுத்தார்கள். வயலுக்கு 5 ஏக்கர், தோட்டத்துக்கு 5 ஏக்கர், வீட்டுமனைக்கு 1 ஏக்கர். அன்றைய அதிகாரிகளுக்கு ஒரு குடும்பம் நிலைக்க என்ன வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சமவெளியிலிருந்து வந்தவருக்கு வீடு என்றால் மண்ணோடும் மரத்தோடும் சேர்ந்த வீடு. தீவின் பூர்வகுடிக்கு மட்டும் வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று போதும் என்று எந்த நியாயத்தில் சொல்கிறார்?

கேம்ப்பெல் பேயில் கப்பலிலிருந்து இறங்கி ராஜீவ் நகருக்குப் போனவர்கள் யாரும் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் திரும்ப முடியாது. நான் பார்த்த ஒரு வீட்டின் பின்புறத்தில் ஒரு பன்றியைக் கணுக்காலில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நிக்கோபாரிகள் பன்றியைக் கட்டி வளர்ப்பவர்கள் இல்லை. பகலெல்லாம் அது தோப்பில் மேயும். சாயங்காலம் குரல் கொடுத்தால் வந்து, உடைத்துப் போட்ட தேங்காயைத் தின்றுவிட்டுப் போகும். பன்றி இல்லாமல் அவர்களுக்குச் சடங்கு இல்லை, விருந்து இல்லை, சாவு வீட்டு மரியாதை இல்லை. ஏன் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவிழ்த்துவிட்டால் அடுத்தவர் தோட்டத்தில் போய் விழும், சண்டை வரும் என்றார் வீட்டுக்காரப் பெரியவர். தின்னப் போடத் தேங்காய்? வாங்க வேண்டும். தென்னையை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மனிதர் பன்றிக்குப் போடக் காசு கொடுத்துத் தேங்காய் வாங்குகிறார். அந்தக் காசுக்குக் கூலி வேலைக்குப் போகிறார். அவருடைய தோப்பு தெற்கே இருக்கிறது. அலை விட்டுவைத்த மரங்கள் நிற்கின்றன. தானாக விழுந்து முளைத்தவையும் காய்க்கின்றன.

குழு அமைத்தால் அதன் படிவத்தில் இந்தப் பெரியவரின் தேவை எந்தக் கட்டத்தில் ஏறும்? கூரை ஒழுகவில்லை, கழிப்பறை உண்டு, மின்சாரம் உண்டு, குறையில்லை என்றுதான் எழுதிக்கொண்டு போவார்கள்.

தமிழருக்கு இது புரியாமல் போகக் கூடாது. இலங்கை மலையகத்தில் லயன் அறைகளில் நம் மக்களை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவர்களும் கூரை கொடுத்தோம் என்றுதான் சொன்னார்கள். அங்கே இன்றும் முதல் கோரிக்கை காணி. இந்தியா கட்டிக் கொடுக்கும் வீட்டுத் திட்டத்திலும் வீட்டோடு 7 பேர்ச் காணி சேர்ந்தது அந்தப் போராட்டத்தின் பலன். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி நாடு திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் இதே நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கச்சாலுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். காலடியில் சொந்த மண் இல்லாத கூரை மனிதரை என்ன செய்யும் என்பதற்கு அந்தமான் தமிழர் வெளியே போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. சென்னையிலும் 2004 அலைக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். அடுக்கு வீட்டில் வலையை எங்கே காயப்போடுவது என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு அன்று எந்தக் கணக்கெடுப்பிலும் இடம் இருக்கவில்லை.

அடுத்து, கட்டுரையாளரின் இரண்டாவது வாதம். பழைய ஊர்கள் கடலோடு போய்விட்டன, அந்தக் கரை ஆபத்தானது, மறுபடி அங்கே மக்களை அனுப்புவது அவர்களைச் சாகக் கொடுப்பது என்கிறார்.

அந்தக் கரையில் ஆபத்து உண்டு. நிலநடுக்கத்தில் தீவின் தென்முனையே பல அடி அமிழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் சுமார் 4.25 மீட்டர் இறங்கி, இன்று அதன் அடி கடலுக்குள் நிற்கிறது. இதையெல்லாம் மறுத்து நான் எழுதவில்லை. ஆனால் அதே கட்டுரையில் நான்கு பத்திகளுக்குப் பிறகு கட்டுரையாளர் கிரேட் நிக்கோபார் பெருந்திட்டத்தை வரவேற்கிறார். அந்தத் திட்டத்தின் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் எங்கே வருகிறது? கலத்தியா பேயில். இன் ஹேங் லோய் இருந்த அதே விரிகுடாவில். அந்தத் துறைமுகமும் விமான நிலையமும் மின் நிலையமும் நகரியமும் சேர்ந்து 166 சதுர கிலோமீட்டர். 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு போகிறது. இன்று எண்ணாயிரம் பேர் அளவில் இருக்கும் தீவில் முப்பது ஆண்டில் மூன்றரை லட்சம் பேரைக் குடியமர்த்துவது நோக்கம். சில நூறு நிக்கோபாரிகள் உயிர் வாழ ஆபத்தான கரை, மூன்றரை லட்சம் பேருக்கு எப்படிப் பாதுகாப்பானதாகிறது?

இதற்கு அதிகாரபூர்வ விடை ஒன்று உண்டு. அவ்வளவு பெரிய நிலநடுக்கம் மீண்டும் வர 420 முதல் 750 ஆண்டுகள் ஆகும் என்று திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கணக்குக் காட்டுகிறது. அப்படியே இருக்கட்டும். துறைமுகத்துக்குச் சொல்லும் அந்தக் கணக்கை நிக்கோபாரிக்கும் சொல்லுங்கள். கோடிக்கணக்கான ரூபாய் முதலீட்டுக்கு வரும்போது கடல் ஐந்நூறு ஆண்டு பொறுத்திருக்கும், ஓர் ஏழை தன் தோப்புக்குத் திரும்பக் கேட்டால் நாளைக்கே அலை வரும் என்பதை எந்த அறிவியலும் சொல்லாது. இப்படிப் பேசுகிறவருக்கு அந்த மக்களின் உயிர் மீது அக்கறை என்று நான் நம்பத் தயாராக இல்லை. இலங்கையிலும் 2005இல் இதுவே நடந்தது. மீனவர்கள் கடலிலிருந்து 100 மீட்டருக்கு, சில இடங்களில் 200 மீட்டருக்கு அப்பால் போக வேண்டும் என்று விதி போட்டார்கள். சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு விதியைத் தளர்த்தினார்கள்.

கரைக்குத் திரும்புவது என்றால் அலை அடித்த இடத்திலேயே குடிசை போடுவது என்று கட்டுரையாளர் எழுதுவதும் தவறு. கரைக்குப் பின்னால் மேடு இருக்கிறது. எங்கே அலை ஏறியது, எந்த மேட்டில் ஏறி உயிர் தப்பினோம் என்பது அந்த மக்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்த நிபுணருக்கும் தெரியாது. செளராத் தீவைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு அந்தத் தீவு மக்கள் அனைவரையும் பக்கத்துத் தெரசா தீவுக்கு மாற்றினார்கள். அவர்கள் அங்கே இருக்க மறுத்தார்கள். எங்கள் தீவு எங்களுக்கு வேண்டும் என்று நின்று, திரும்பிப் போனார்கள். பிறகு அரசே அங்கே வீடு கட்டிக் கொடுத்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள். நிக்கோபாரில் திரும்புதல் நடந்திருக்கிறது, அரசின் கையாலேயே நடந்திருக்கிறது. இந்த உண்மையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. தொட்டால் அவருடைய வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் கொடுமையானது. பெருந்திட்டத்தால் எந்தப் பழங்குடிக் குடும்பமும் இடம்பெயர்க்கப்படாது என்கிறார். டெல்லியிலும் இதையே சொல்கிறார்கள். திட்டப் பகுதியில் இன்று நிக்கோபாரி வீடு எதுவும் இல்லை, அவர்கள் ராஜீவ் நகரில் நிரந்தர வீட்டில் இருக்கிறார்கள், எனவே பாதிப்பு இல்லை. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கவனியுங்கள். அலை அவர்களை அடித்து வெளியேற்றியது. உயிர் காக்க அரசு ஒதுங்க இடம் கொடுத்தது. திரும்பக் கேட்டபோது சாலை இல்லை, படகு வசதி இல்லை, பார்க்கலாம் என்று ஆண்டுகளைக் கடத்தியது. ஆண்டுகள் கடந்த பிறகு, ஊரில் ஆளே இல்லையே என்று அந்த ஊரையே திட்ட வரைபடத்துக்குள் போட்டுக்கொண்டது. இயற்கை செய்த இடப்பெயர்வை அரசு நிரந்தரமாக்கியிருக்கிறது. ராஜீவ் நகர் வீடுகளை இன்னும் வசதியாக்க ஒரு குழு வந்தால், அதன் அறிக்கை நாளை எந்தக் கோப்பில் சான்றாகச் சேரும் என்பதைக் கட்டுரையாளர் நமக்குச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு இங்கேயே எல்லாம் செய்து கொடுத்தாகிவிட்டது என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது.

இதை அந்த மக்களும் புரிந்துகொண்டார்கள். லிட்டில் அண்ட் கிரேட் நிக்கோபார் பழங்குடி மன்றம் 2022 ஆகஸ்டில் திட்டத்துக்குத் தடையின்மைச் சான்று கொடுத்தது. தங்கள் முன்னோர் ஊர்களும் அதில் அடங்குகின்றன என்று தெரிந்ததும், அதே ஆண்டு நவம்பரில் அந்தச் சான்றைத் திரும்பப் பெற்றது. விவரத்தை முழுதாகச் சொல்லாமல் ஒப்புதல் வாங்கினார்கள் என்பது மன்றத்தின் குற்றச்சாட்டு. பழங்குடி காப்பகத்திலிருந்து 84 சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலத்தை விடுவிக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைகள் எல்லாம் அடையாளம் கண்டு தீர்க்கப்பட்டன என்று 2022இல் நிர்வாகம் சான்றளித்தது. அந்த வேலை தொடங்கப்படவே இல்லை என்று மன்றம் மத்திய அரசுக்கு எழுதியது. கட்டுரையாளருக்கு ஒரு குழுதான் வேண்டும் என்றால், இந்த இரண்டில் எது உண்மை என்று விசாரிக்கும் குழுவைக் கேட்டிருக்கலாம். அதைக் கேட்காமல் சாக்கடை அடைப்பைப் பற்றிக் குழு கேட்கிறார்.

குழுக்கள் மீது அவருக்கு இருக்கும் நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தீவுகளுக்குக் குழு புதிதல்ல. உச்ச நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையம் 2002இல் அறிக்கை கொடுத்தது. அதன் அடிப்படையில் ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் போகும் அந்தமான் பெருஞ்சாலையை மூடச் சொல்லி அதே ஆண்டு மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சாலையில் இன்று காலையும் வண்டிகள் வரிசையாகப் போயிருக்கும். கிரேட் நிக்கோபார் திட்டத்துக்கே 2023 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உயர்மட்டக் குழு அமைத்தது. அதன் முழு அறிக்கை தீவு மக்கள் கைக்கு வரவில்லை. 2022 நவம்பரில் வந்த சுற்றுச்சூழல் அனுமதியிலேயே, தீவின் இன்னொரு பழங்குடியான ஷோம்பென், நிக்கோபாரி ஆகியோரின் நலனைக் கண்காணிக்கத் தனிக் குழு வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ராஜீவ் நகர்ப் பெரியவரின் பன்றி கயிற்றில்தான் நிற்கிறது. இன்னொரு குழு வந்தால் என்ன மாறும் என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருந்தால் அவரோடு விவாதிக்கலாம். எழுதவில்லை.

இளைஞர்கள் திரும்ப விரும்பவில்லை, அவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் கைப்பேசிச் சிக்னலும் வேண்டும் என்பது அவருடைய கடைசி வாதம். சில இளைஞர்கள் அப்படி நினைக்கலாம். யார் எங்கே வாழ்வது என்பதை அவர்கள் குடும்பமும் தலைவர்களும் மன்றமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். ஒரு பகுதியினர் ராஜீவ் நகரிலேயே தங்கலாம், பிள்ளைகள் படிப்பு முடியும் வரை ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக இருக்கலாம். மேற்குக் கரையில் சிக்னல் இல்லை என்பது நிலத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் ஆகாது. நகரியத்துக்குச் சாலையும் மின்சாரமும் கொண்டுபோக முடிகிற அரசால், சிங்கெனுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் கொண்டுபோக முடியாதா?

செய்ய வேண்டியது என்ன என்று கட்டுரையாளர் கேட்டால் சொல்கிறேன். வன உரிமைக் கோரிக்கைகளை ஊர் ஊராக, பழைய ஊர்களின் பெயரிலேயே வாங்குங்கள். அது முடியும் வரை காப்பக நிலத்தில் ஓர் அடியையும் விடுவிக்காதீர்கள். அலையில் அறுந்த தெற்குச் சாலையையும் படகுப் போக்கையும், கப்பல் நிறுவனங்களுக்காகச் சீராக்குவதற்கு முன், இவர்களுக்காகச் சீராக்குங்கள். திரும்ப விரும்பும் குடும்பங்களுக்குக் கரைக்குப் பின்னால் உள்ள மேட்டில், அவர்கள் காட்டுகிற இடத்தில், அவர்கள் சொல்லுகிற வகையில் கட்ட மரமும் பணமும் கொடுங்கள். தென்னங்கன்றும் கொடுங்கள். ராஜீவ் நகர் வீடுகளில் ஒழுகும் கூரையையும் இப்போதே மாற்றுங்கள். அதற்குக் குழுவே தேவையில்லை, ஏணியும் இரண்டு ஆளும் போதும். ஆனால் மாற்றிய கூரைக்குக் கையெழுத்து வாங்கி, அதைத் திட்டக் கோப்பில் சேர்க்காதீர்கள்.